முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன்

தடதடவென்று படியில் காலடிச் சத்தம். கதவு திறந்தது.

"நான்தானே முதல்?" என்றார் கஜேந்திரன். மூன்று மாடியையும் ஒரே ஓட்டமாக ஏறி வந்திருந்தார்.

"நீங்கதான். உட்காருங்க" என்று டோக்கன் கிழித்துக் கொடுத்தார் தேவசகாயம்.

தேவசகாயமும் டாக்டர்தான். இதய ஆபரேஷன் பழகுவதற்காக இந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். அவருடைய குரு மங்கையர்க்கரசி வயதில் அவருக்கு இளையவர். குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார்.

மங்கையர்க்கரசி கஜேந்திரனின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"குதிரை மாதிரி ஓடுது. வீட்டுக்குப் போகலாம்."

அடுத்தவருக்கும் அதேதான். அதற்கடுத்தவருக்கும்.

தேவசகாயத்துக்குத் தாங்கவில்லை.

"மேடம், இந்த வாரம் ஒருத்தருக்கு இலவசமா ஆபரேஷன் பண்ணலாம். ஆளைத்தான் காணோம். நானும் ஏழை, பணக்காரன் பார்க்கிறதில்லை. முதல்ல வந்தவருக்கு முதல் டோக்கன். ஆனா வர்றவங்க எல்லாம் கல்லு மாதிரி இருக்காங்க. ஊர்ல நெஞ்சு வியாதியே ஒழிஞ்சு போச்சா?"

"லிஃப்ட் என்னாச்சு சார்?"

"அது கெட்டுக் கிடக்கு. அதுக்கென்ன இப்போ?"

மங்கையர்க்கரசி எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு படியிறங்கினார்.

தேவசகாயம் பின்னாலேயே ஓடினார். "மேடம், பேஷண்ட் எல்லாம் மேல இருக்காங்க!"

"அப்படியா?"

கீழே, முதல் திருப்பத்துக்கும் முன்னால், ஒரு பெண் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"பேர் என்னம்மா?"

"சிட்டம்மா... போன வாரம் அந்தத் திருப்பம் வரைக்கும் ஏறிட்டேன். இன்னைக்கு... இதோட சரி."

சிரிக்கப் பார்த்தார். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

மங்கையர்க்கரசி அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் படியில் உட்கார்ந்தார். ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் கழற்றிச் சீடரிடம் நீட்டினார்.

தேவசகாயமும் வைத்துக் கேட்டார். நிமிரவே இல்லை.

"இதய வால்வு பழுது" என்றார்.

"ஆளைக் காணோம்னீங்களே சார்?"

சிட்டம்மா தேவசகாயத்தின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயாவைத் தெரியுமே எனக்கு! காலையில என்னைத் தாண்டித்தான் போனாரு. 'ஓரமா உட்காரும்மா, மேல போறவங்களுக்கு வழி வேணும்'னு சொன்னாரு. தங்கமான மனுஷன்."

மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிட்டம்மாவும் மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார்.

தேவசகாயம் மாடிக்குப் போனார்.

திரும்பி வரும்போது மேசையின் ஒரு முனை அவர் கையில். மறுமுனை, இன்னும் வீட்டுக்குப் போகாத கஜேந்திரன் கையில்.

"பார்த்து சார், சுவர்ல இடிக்குது!"

முதல் படிக்குக் கீழே மேசையைப் போட்டார்கள். தேவசகாயம் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து டோக்கன் கட்டை எடுத்தார்.

கிழிக்கத் தொடங்கினார்.