இருவாட்சி வைத்த கனி

ஒரு காட்டில் மூக்கன் என்றோர் இருவாட்சிப் பறவை இருந்தது. உடம்பில் பாதி மூக்கு, மனசில் பாதி பெருமை. அதன் மனைவி அல்லி, இருவாட்சிகளின் வழக்கப்படி ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொண்டு, உள்ளே குஞ்சு பொரித்திருந்தது. அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்குதான் மிச்சம். அதன் வழியே மூக்கன் பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உள்ளே இருக்கும் இரண்டுக்கும் சாப்பாடு.

பொழுது சாய்ந்ததும் மூன்றும் ஒன்றாகச் சாமி கும்பிடும். மூக்கன் வெளியே, அவை உள்ளே.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. புத்தாண்டு விடியலில் கண் திறந்ததும் கனி காண்பது அந்தக் காட்டிலும் வழக்கம். இலையில் பழமும் கொன்றைப்பூவும் பரப்பி, கண்ணாடிக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைப்பது முறை.

ஒரு குரங்கு மூக்கனிடம் வந்தது. "அண்ணே, போன வருஷம் மயில் வச்ச கனியைப் பத்தித்தான் காடே பேசுது. நீ ஆலமரத்துச் சாமி முன்னாடி ஒரு கனி வை. எவ்வளவு பழம் வைக்கிறியோ, அவ்வளவுக்கு வருஷம் பூரா செழிப்பு."

மூக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தி, மாம்பழம், பலாச்சுளை என்று கிடைத்ததெல்லாம் ஆலமரத்தடிக்குப் போயிற்று. பொந்துக்கு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அந்தப் பக்கமாகப் பறந்தபோது அல்லி கூப்பிட்டது. "என்னங்க, நேத்திலிருந்து பட்டினி. சாயங்காலம் சாமி கும்பிடவும் நீங்க வரலை."

"இன்னும் ஒரு நாள் பொறுத்துக்கோ. அப்புறம் வருஷம் முழுக்க விருந்துதான். சாமிக்காகத்தானே அலையறேன்?"

"குஞ்சுக்கு வருஷம் தெரியாதுங்க. பசிதான் தெரியும்."

மூக்கன் அடுத்த பழத்தைத் தேடிப் பறந்துவிட்டது. அல்லி குஞ்சை அணைத்துக்கொண்டு தனியாகச் சாமி கும்பிட்டது. "அப்பா வந்துடுவார்" என்று குஞ்சிடம் சொன்னது. அதன் குரல் மெலிந்திருந்தது.

புத்தாண்டு விடிந்தது. மூக்கன் தன் கனியின் முன்னே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"திறந்துடாதே அண்ணே!" என்றது குரங்கு. "சூரியன் முழுசா வரட்டும். நான் சொன்னப்புறம் திற. முன்னாடியே திறந்தா பலிக்காது."

மூக்கன் இன்னும் இறுக்கி மூடிக்கொண்டது. எதிரே சவக் சவக்கென்று சத்தம் கேட்டது.

"அது என்னப்பா சத்தம்?"

"சாமி ஏத்துக்கறார்." வாய் நிறைய எதையோ வைத்திருந்ததால் குரங்குக்குச் சொல் குழறியது. "பேசாம கும்பிடு."

வெகுநேரம் கழித்து, எங்கோ உயரத்திலிருந்து "திற!" என்று குரல் வந்தது.

இலையில் கொட்டையும் தோலும்தான் கிடந்தன. சிரட்டைத் தண்ணீரில் மூக்கனின் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிந்தது. குரங்கு உச்சிக்கிளையில் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

மூக்கனை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிய பயமும் வந்தது. இரண்டு நாளாயிற்றே, உள்ளே அவை என்ன ஆயினவோ! வேர் இடுக்கில் உருண்டு கிடந்த இரண்டு அத்திப்பழங்களைக் கவ்விக்கொண்டு பறந்தது.

பொந்தில் சத்தமே இல்லை. பழங்களைக் கிளையில் வைத்துவிட்டு, "அல்லி!" என்றது. பதில் வரவில்லை. "அல்லி, நான்தான்!"

மெல்ல ஓர் அலகு நுனி வெளியே வந்தது. மூக்கன் ஒரு பழத்தை ஊட்டியது. அல்லி அதை அப்படியே உள்ளே திருப்பிக் குஞ்சுக்குக் கொடுத்தது. குஞ்சு கீச்சிட்டது. அதைக் கேட்ட பிறகுதான் மூக்கனுக்கு மூச்சு வந்தது. அடுத்த பழம் அல்லிக்கு.

"கனி நல்லா அமைஞ்சுதா?" என்று அல்லி கேட்டது.

மூக்கன் கண்ணை மூடிக்கொண்டது. "இனிமேதான் பாக்கணும். குஞ்சையும் இடுக்குப் பக்கம் கூட்டிட்டு வா."

கண்ணைத் திறந்தபோது இடுக்கில் ஒரு பெரிய அலகும் ஒரு சின்ன அலகும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. மூக்கன் அழுதுவிட்டது. பிறகு மூன்றும் சாமி கும்பிட்டன. கும்பிட்ட கையோடு, இருவாட்சிக்கு ஏது கை, கும்பிட்ட சிறகோடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மூக்கன் அத்திமரத்துக்குப் பறந்தது.

நீதி: வீட்டாரைப் பட்டினி போட்டுவிட்டு வைக்கும் படையல் சாமிக்குப் போய்ச் சேராது.