தாய்மாமன் பங்கு

வெகுகாலத்துக்கு முன்னால் மருதங்கோட்டையை வச்சிரபாகு என்றொரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை. காலையில் ஒரு சட்டம் போடுவான், சாயங்காலம் மறந்துவிடுவான். அவ்வளவுதான்.

அந்த ஊரில் துணிக்குச் சாயம் போடும் வேம்பனின் மனைவி நல்லம்மை. மூன்று பெண்குழந்தைகள். ஒண்டுக்குடித்தனத்தில் அவதிப்பட்டவள் ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வீடு வாங்கினாள். தனியாகவா? மாமனார் உழவுமாட்டை விற்றுக் கொடுத்தார். நாத்தனார் காப்பைக் கழற்றிக் கொடுத்தாள். முன்கட்டுக்கான பணம் முழுக்க அவள் தம்பி, உப்புவண்டிக்காரன் மாயாண்டி கொடுத்தது.

பக்கத்து மாளிகை தளவாய் திரிபுரநாதருடையது. அந்த வீட்டை இடித்துத் தேர் நிறுத்த ஆசைப்பட்டிருந்தார். சாயக்காரி முந்திக்கொண்டதில் அவருக்கு வயிறு எரிந்தது. ராஜா காதில் போய் ஓதினார்.

“வீடு வாங்க யார் கொடுத்தாலும், கொடுத்த பாகம் அவனுக்கே சொந்தம், விற்கவும் செய்யலாம் என்று சட்டம் போடுங்கள் மகாராஜா.”

“நியாயம்தானே!” என்றான் ராஜா. முரசு அறைந்தாயிற்று.

அப்புறம் தளவாய் மாயாண்டியின் வண்டிகளைக் கோட்டை வாசலில் மறித்தார். “உன் பாகத்தை எனக்கு விற்றால் வண்டி போகும்.” மழை இருட்டிக்கொண்டு வந்தது. உப்பு கரைந்தால் பிழைப்பு போச்சு. விற்றுவிட்டான்.

“அக்கா, என்னைச் செருப்பால அடி,” என்று வந்து அழுதான்.

“அழுதா ஆச்சா? கையைக் கழுவிட்டுச் சாப்பிடு,” என்றாள் நல்லம்மை.

சொன்னாளே தவிர, அவள் சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் முன்கட்டை இடிக்கப்போகிறார்கள். முன்கட்டு போனால் மிச்ச வீடும் நிற்காது. பிள்ளைகளோடு தெருதான். யோசித்தாள். தளவாய் வாங்கியது தம்பியின் இடத்தை. தம்பி எதற்காகக் கொடுத்தான்? அங்கே பிடித்தாள்.

விடிந்ததும் மேளதாளம், தாம்பூலத் தட்டு, ஆசாரி, பிள்ளைகள் சகிதம் சபைக்குள் நுழைந்தாள்.

“திரிபுரண்ணே! கடைக்குட்டிக்குக் காது குத்தணும். மடியைக் காட்டுங்க!”

“யாரடி உனக்கு அண்ணன்?” தளவாய் துள்ளினார்.

“மகாராஜா, என் தம்பி வியாபாரத்துக்கா பணம் கொடுத்தான்? தாய்மாமன் சீராகக் கொடுத்தான். அந்தப் பங்கை இவர் வாங்கிட்டார். பங்கு இவருக்கு, மாமன் கடமை மட்டும் ஊருக்கா?”

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “தளவாயே, உட்காரும்.”

உட்கார்ந்தார். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டு, பட்டுவேட்டியை நனைத்துவிட்டது. தளவாய் பல்லைக் கடித்தார்.

“முடிந்ததா?”

“என்னண்ணே அவசரம்? கம்மல் போடுங்க. நடுவுளவளுக்கு அடுத்த தையில காதுகுத்து. பெரியவ இன்னிக்கோ நாளைக்கோ சமைஞ்சு உட்காருவா, பச்சை ஓலைக் குடிசை கட்டணும், தட்டு வரிசை வைக்கணும். கல்யாணத்துக்கு மாமன் பட்டு. அப்புறம் பிரசவம். அதுங்க பெத்ததுக்கும் நீங்கதான் முன்னால நிக்கணும். மூணு பொண்ணாச்சே!”

“வீடும் வேண்டாம், எழவும் வேண்டாம்!” தளவாய் கிரய ஓலையை வீசினார். “அவனே வைத்துக்கொள்ளட்டும்!”

“கொடுத்த விலை?” என்றான் ராஜா.

“அதுவும் போகட்டும்!”

“அது கம்மலுக்கு ஆச்சு. வண்டியை மறித்த கதையும் என் காதுக்கு வந்தது. இனி கோட்டை வாசலில் நீர் நின்றால் காவலனாகத்தான் நிற்பீர். அந்தச் சட்டமும் இன்றோடு செத்தது.”

மாயாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மருமகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

ராஜா நல்லம்மையிடம் திரும்பினான். “எத்தனை மந்திரிகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள்! ஒருவனுக்கு இது தோன்றவில்லையே. அம்மா, பின்கட்டில் ஓர் அறை கட்ட நான் தருகிறேன்.”

“தாங்க மகாராஜா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா...” நடுப்பெண்ணை முன்னால் தள்ளினாள். “ஆசாரி இன்னும் கிளம்பலை.”



ராஜா பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தான். சிங்காதனத்தை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“வாம்மா மருமகளே,” என்றான்.