கட்டில் பக்கத்து மெஷின்

கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளுக்கு நடுவே நசீரின் பட்டறை. செத்துப்போன பிரிண்டர்களும் ஜெராக்ஸ் மெஷின்களும் கடைசியாக அங்கேதான் வந்து சேரும். அவற்றின் வயிற்றைப் பிரித்து மோட்டாரை வெளியே எடுப்பார் நசீர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சாந்தாமணி அவரிடம் வேலை கற்க வந்தபோது அவளுக்கு ஐம்பது. ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் இடத்தில் வேலை. ஷிஃப்ட் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வருவாள்.

கணவர் ஆறுச்சாமி, கதவுகளில் பூவும் கொடியும் செதுக்கிய தச்சர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நாக்கும் குழறியது. நாலு பேர் முன்னால் குழறுவானேன் என்று பேச்சையே விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான்.

கம்ப்யூட்டர் போடுகிற கோட்டில் தானே மரத்தைச் செதுக்கும் மெஷின் ஒன்று உண்டு, சி.என்.சி. என்று பெயர் என்று யாரோ அவளிடம் சொன்னார்கள். அது இருந்தால் ஆறுச்சாமி மறுபடி செதுக்கலாமே என்று நினைத்தாள். புதிது வாங்கக் கட்டாது.

"பழசை வெச்சே செஞ்சுக்கலாங்களா மாஸ்டர்?"

"செய்யலாம்க்கா. ஆனா நீங்கதான் செய்யணும்."

செய்தாள். பிரிண்டர் மோட்டார், ஜெராக்ஸ் மெஷினின் தண்டு, யாரோ உடைத்துப் போட்ட மேஜையின் டிராயர் தண்டவாளம். ஓட்டுவதற்கு நசீர் தந்த பழைய கம்ப்யூட்டர். ஒரு திருகுகூடப் புதிது கிடையாது.

முதலில் பேனாவை மாட்டி வட்டம் போடச் சொன்னாள். மெஷின் முட்டை போட்டது. நட்டில் ஆட்டம் இருக்கிறது என்று இறுக்கினாள். இறுக்க இறுக்க மோட்டார் முனகி, நின்றே போனது.

நசீர் வந்து நட்டைத் தளர்த்திவிட்டார்.

"மறுபடி ஆடுமுங்களே?"

"ஆடட்டும். எவ்வளவு ஆடுதுன்னு அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிடுங்க. அது அனுசரிச்சுக்கும்."

அப்படியே செய்தாள். இந்தத் தடவை வட்டம் முட்டையாகாமல் வட்டமாகவே வந்தது. சந்தோஷப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பேனாவைக் கழற்றி வெட்டுகிற பிட்டை மாட்டியதும் வேறு தொல்லை. மரம் பிய்ந்தது. பூவின் இதழெல்லாம் நாய் கடித்துப் போட்ட மாதிரி இருந்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். பிட்டை மாற்றிப் பார்த்தாள்.

"ஏனுங்க மாஸ்டர் பிய்யுது?"

"தெரியலக்கா. இரும்பைக் கேளுங்க, சொல்றேன். மரம் எனக்குத் தெரியாது."

சாந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலீங்க. அங்க போனா ஈரத்துணி. இங்க வந்தா இது. வீட்டுக்குப் போனா அந்த முதுகைத்தான் பாக்கணும். இன்னும் நான் என்னதானுங்க பண்றது?"

நசீர் ஒயரைப் பிடுங்கினார். மெஷினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் நின்ற ஆட்டோவில் வைத்தார். கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

"வீட்ல வெச்சு ஓட்டுங்க."

"ஒத்தை ரூமுங்க. எங்க வெக்கறது?"

"கட்டில் பக்கத்துல."

"அவருக்குச் சத்தம் ஆகாதுங்க மாஸ்டர்."

"ஏறுங்கக்கா. ஆட்டோக்காரர் காத்திருக்காரு."

அன்று சாயங்காலம் மெஷின் கட்டில் பக்கத்தில் அலறியது. ஆறுச்சாமி திரும்பவில்லை. முதல் இதழ் பிய்ந்து போனது. அடுத்ததும் போனது. ஒவ்வொரு தடவை மரம் கிழியும்போதும் அவர் தோள் லேசாகத் துள்ளியதைச் சாந்தாமணி பார்த்தாள். நிறுத்திவிடலாம் என்று நினைத்தாள். எழுந்திருக்க உடம்பு வரவில்லை. ஸ்டூலில் சாய்ந்தபடியே இருந்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது. ஆறுச்சாமி இடது கையை ஊன்றி இந்தப் பக்கம் திரும்பியிருந்தார்.

"நி... நிறுத்து."

நிறுத்தினாள்.

"நாருக்கு... எதிரா ஓடுது." கடைவாயில் எச்சில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. "கட்டையை... திருப்பி வை, புள்ள."

திருப்பி வைத்தாள். இதழ் பிய்யாமல் வந்தது. அவர் கையை நீட்டி, ஒரு விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"மட்டமான... வேலை," என்றார்.

ஆடி கழிந்து ஒரு நாள் சாந்தாமணி பட்டறைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நசீர் ஒரு பிரிண்டரைக் கவிழ்த்துப் போட்டு நோண்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மெஷின் நின்னுபோச்சா?"

"அதுக்கென்னங்க, நல்லாத்தான் ஓடுது. எனக்குத்தான் நிம்மதி போச்சு. விடிஞ்சா ஆரம்பிச்சுடறாரு. கட்டை ஈரம்ங்கறாரு. பிட்டு மழுங்கிப்போச்சுங்கறாரு. இந்த மெஷினைச் செஞ்சவளுக்கு மூளையே கிடையாதுங்கறாரு. வேலை முடிஞ்சு வந்து ஒரு வாய் காப்பி குடிக்க விடறதில்லீங்க. அவரு திட்டறதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரங்க வந்து எட்டிப் பாக்கறாங்க. பேசாம கிடந்தப்பவே தேவலைங்க மாஸ்டர். இவரை எப்படிங்க நிறுத்தறது?"

நசீர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீடு வரைக்கும் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"என்ன சொல்லித் திட்டறாருன்னு அவங்களுக்குப் புரியுதாக்கா?"

"ஒரு வார்த்தை விடாமப் புரியு..." என்று ஆரம்பித்த சாந்தாமணி பாதியில் நிறுத்தினாள்.