தணிகாசலத்தின் பெயரைத் தேடியபோது

கம்ப்யூட்டருக்குத் துணிப்போர்வை தைத்துப் போட்ட காலம் அது. தூத்துக்குடியில் ஒரு வாரப் பத்திரிகை, தன் பழைய கட்டுரைகள் எழுபதாயிரத்தையும் தேடுபொறியில் ஏற்ற முடிவு செய்தது. அந்த வேலை தட்டச்சு செய்யும் செலஸ்தீனாவிடம் வந்தது.

"வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அதுக்குள்ள ஏத்தலைன்னா சனிக்கிழமை வேலைக்கு வராதீங்க" என்றார் மேலாளர் தணிகாசலம்.

"எல்லாம் பழைய எழுத்துரு சார். மாத்தாம ஏத்தினா கட்டுரை எண்ணிக்கை காட்டும், தேடினா எதுவும் கிடைக்காது. பத்து நாள் கொடுங்க."

"எண்ணிக்கை போதும். யார் தேடப் போறாங்க?"

"அதையே எழுதிக் கொடுத்துடுங்க சார்."

அவரும் உத்தரவாகவே எழுதிக் கொடுத்தார். செலஸ்தீனா சொன்னபடி செய்தாள். அந்த உத்தரவை மட்டும் புது எழுத்துருவில் தட்டி, கட்டுரைகளோடு சேர்த்து ஏற்றினாள்.

விழாவில் தணிகாசலம் மாலையும் கழுத்துமாக நின்றார். முதலாளியம்மா கோமதி, "எதைத் தேடலாம்?" என்று கேட்டார்.

"எல்லாம் சாரோட ஏற்பாடுதானே அம்மா. சார் பேரையே தேடுங்க" என்றாள் செலஸ்தீனா.

ஒன்றே ஒன்று வந்தது. அம்மா அதை உரக்க வாசித்தார்: "எழுத்துரு மாற்ற வேண்டாம். எண்ணிக்கை போதும். யாரும் தேடப்போவதில்லை. தணிகாசலம், மேலாளர்."

கூட்டம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. "பத்து நாள் எடுத்துக்கோம்மா. இவரும் உன்கூட உட்காரட்டும்" என்றார்.

அந்தப் பத்து நாளை நினைத்தால் செலஸ்தீனாவுக்கு இன்றும் ஏக்கம்தான். தோணி விளம்பரம், டூரிங் டாக்கீஸ் செய்தி என்று கண்ணில் பட்டதையெல்லாம் தணிகாசலம் வேலையை மறந்து வாசித்துக் காட்டுவார். பதினோராம் நாள் அம்மா, மறைந்த தன் கணவரின் பெயரைத் தட்டினார். அவர் எழுதிய நாற்பது கட்டுரைகள் வரிசையாக வந்தன. சாயங்காலம்வரை அம்மா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.