பத்தாயிரத்து நானூற்று மூவர்

செவிகொடுத்துக் கேளுங்கள், பிள்ளைகளே. பெரியோர் கேட்டாலும் குற்றமில்லை. பெயர்கூட எஞ்சாமல் கடல்கொண்ட ஒரு நாட்டைச் செங்கோவேள் என்னும் அரசன் ஆண்ட காலம் அது.

அந்நாட்டில் ஒரு பழஞ்சட்டம் இருந்தது. போரில் சிறைப்பட்ட மக்களைச் சம எண்ணிக்கையுள்ள கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஓர் ஊர் கொடுத்துக் குடியேற்றுவார்கள். ஒருவரும் மிஞ்சாமல் பிரிக்க இயலாவிட்டால், "பிரியாத கூட்டம் பணியாத கூட்டம்" என்று சொல்லி அனைவரையும் நீரற்ற தீவுக்குக் கலமேற்றிவிடுவார்கள். அங்கிருந்து மீண்டவர் எவருமில்லை.

ஒரு போரின் முடிவில் பத்தாயிரத்து நானூற்று மூன்று பேர் சிறைப்பட்டனர். அரண்மனைக் கணியர் பெருஞ்சேந்தன் கணக்கிட அமர்ந்தார். இரண்டால் வகுத்தார், ஒருவர் மிஞ்சினார். மூன்றால் வகுத்தார், இருவர் மிஞ்சினர். ஐந்தால் வகுத்தார், மூவர் மிஞ்சினர். இவ்வாறே நூறு வரை சென்றார். ஒவ்வொரு முறையும் மீதி நின்றது.

"இது பகா எண், அரசே. எதனாலும் வகுபடாது" என்றார்.

அரசன் முகம் வாடியது. "குழந்தைகளும் இருக்கிறார்கள், கணியரே. இன்னும் சற்று மேலே சென்று பாருங்கள்."

"நூறோடு நிறுத்துவது எங்கள் குலமரபு. அது இதுவரை பொய்த்ததில்லை."

சிறைப்பட்டோருள் மருதி என்னும் குயத்தி முன்வந்தாள். "ஐயா, என் மகளுக்கு நிறைமாதம். இரண்டு நாள் பொறுத்தால் எண்ணே மாறிவிடும். உம்மால் பிரிக்க முடியாததை என் பேரப்பிள்ளை பிரித்துவிடும்!"

காவலர் சிரித்தனர். கணியர் சிரிக்கவில்லை. "பிறவாத உயிர் கணக்கில் சேராது."

"அப்படியானால், பிறந்துவிட்ட எங்களையாவது சரியாகக் கணக்கிடும்!"

கணியர் சினந்து எழுந்து போனார். மறுநாள் காலையில் கலங்கள் பாய்விரித்தன. அவை கண்ணுக்கு மறைந்தபின், துறைத்தலைவன் கோடன் கைகளைத் தட்டிக்கொண்டு வந்தான்.

"இப்படி ஒரு வாய்ப்பான கூட்டத்தை நான் ஏற்றியதே இல்லை, கணியரே! நூற்றொரு கலம். கலத்துக்கு நூற்று மூன்று பேர். எவரும் மிஞ்சவில்லை; ஓரிடமும் காலியில்லை. உம்முடைய கணக்குத்தானே?"

பெருஞ்சேந்தன் மணலில் விரலால் பெருக்கிப் பார்த்தார். பத்தாயிரத்து நானூற்று மூன்று வந்தது. நூற்றை நூற்றால் பெருக்கினால் பத்தாயிரம்; ஆகவே பத்தாயிரத்துக்கு உட்பட்ட எண்ணுக்கு நூறு வரை பார்த்தால் போதும். அதற்கு மேற்பட்ட கூட்டத்தை அவர் முன்னோர் கண்டதே இல்லை. இந்த எண்ணோ பத்தாயிரத்தைக் கடந்தது. நூறில் அவர் நின்றார். விடை அடுத்த எண்ணில் நின்றது.

"கலங்களைத் திருப்பு!" என்று கதறினார்.

கோடனின் சிரிப்பு மறைந்தது. "காற்று மாற ஆறு திங்கள் ஆகும், ஐயா. தீவில் ஆறு நாளைக்கும் நீரில்லை."

அரசன் அவரைத் தண்டிக்கவில்லை. தண்டித்திருந்தால் அதுவே அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தன் அறிவு நின்ற இடத்தையே உண்மையின் எல்லை என்று துணிபவன், ஏதும் அறியாதவனைவிடப் பெருங்கேடு செய்வான்.