காலி வீட்டு வாசலில் கோலம்

வெண்ணாவல் நாட்டு ராஜாவுக்கு இரண்டு பைத்தியம். ஒன்று நெய்ப் பணியாரம், இன்னொன்று சடுகுடு. நாடு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஆற்றுக்கு வடகரையில் ஒரு பயிற்சிக்கூடம், தென்கரையில் ஒன்று. மாசிப் பௌர்ணமியில் இரண்டுக்கும் சடுகுடுப் போட்டி. பத்தொன்பது வயது நிரம்பாத மாணவர்கள் மட்டும்தான் ஆடலாம். வடகரைக்கு ஆசான் அடலேறு. முறுக்கிய மீசை, முன்னால் போகும் தொந்தி. ராணியின் தம்பி என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு தகுதி இருந்ததாக யாரும் கண்டதில்லை.

போன வருஷம்தான் அவர் ஒரு சட்டம் எழுதிக் கொண்டுவந்தார். "கூடத்தைச் சேர்ந்த எவரும் ஆட்டத்துக்காக வீடு மாறினால், ஓராண்டு ஆடுகளத்தில் கால் வைக்கக் கூடாது." ராஜா பணியாரத்தை மென்றுகொண்டே முத்திரை குத்தினார். படித்தாரோ இல்லையோ, ஓலையில் நெய்க்கறை இன்றைக்கும் இருக்கிறது.

இந்த வருஷம் வடகரையின் சூரன் கொற்றன் தென்கரைக் கூடத்துக்கு மாறிவிட்டான். தென்கரையில் அவன் பெரியப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். கவனிக்க ஒரு நாதி இல்லை. அதனால் கொற்றனின் குடும்பமே சட்டி பானையோடு ஆற்றைக் கடந்துவிட்டது.

அடலேறு சபையில் குதித்தார்.

"அத்தான், இது மோசடி! பெரியப்பாவாவது, வைத்தியமாவது! எல்லாம் ஆட்டத்துக்காக வீடு மாறியதுபோல் போட்ட நாடகம். சட்டப்படி கொற்றன் ஓராண்டு ஆடக் கூடாது. அவர்கள் இன்னும் வடகரை வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். தினமும் விடிந்தால் வாசலில் கோலம் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிட்டால் அரண்மனைக்கு வர மாட்டோம் என்கிறார்கள். குற்றமுள்ள நெஞ்சு!"

சபையில் இருந்த சீராளன் மெல்ல எழுந்தான். ராஜாவிடம் வாய்க்கு வாய் பேசியும் தலை தப்பிய ஒரே ஆள் அவன்தான்.

"ஆசானே, கோலம் இருந்தால் குடியிருப்பதாக அர்த்தமா?"

"இதுகூடத் தெரியாதா உனக்கு? எந்த வாசலில் ஒருவர் தினமும் கோலம் போடுகிறாரோ, அதுதான் அவர் வீடு!"

"அருமை. இதை அப்படியே ஓலையில் எழுதச் சொல்லுங்கள், மகாராஜா. எனக்கு ஒரே ஒரு நாள் அவகாசம் கொடுங்கள்."

சீராளன் பரிசல் ஏறித் தென்கரைக்குப் போனான். கொற்றனின் வீடு இழவு வீடாக இருந்தது. பெரியப்பா போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

"தீட்டோட அரண்மனைப் படி எப்படிங்க ஏறுறது?" என்றாள் கொற்றனின் அம்மா. வடகரை வாசலில் கோலம் இருக்கும் விஷயத்தைச் சொன்னதும் வாயில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவிகளா! சாவு விழுந்த வீட்டு வாசல்ல யாராவது கோலம் போடுவாங்களா? காரியம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கே!"

கொற்றன் தலை நிமிரவே இல்லை. "மாசிக்கு முன்னாடி காரியம் முடிஞ்சிடும், ஆடலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இந்த வருஷம் உட்கார்ந்தா ஆயுசுக்கும் உட்கார்ந்ததுதான். அதைக்கூடப் பொறுத்துக்குவேங்க. பெரியப்பாவுக்குச் செஞ்சதெல்லாம் நாடகம்னு சொல்றாங்களே, அதுதான் தாங்கல."

சீராளன் வந்த வழியே திரும்பினான்.

மறுநாள் விடியற்காலையில், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ராஜாவை இழுத்துக்கொண்டு வடகரைக்குப் போனான். கொற்றனின் பழைய வீட்டுக்கு எதிரே இருந்த வைக்கோல் போருக்குப் பின்னால் இருவரும் ஒளிந்துகொண்டார்கள்.

"டேய் சீராளா, பணியாரம் ஆறிவிடும்."

"உஷ்! பாருங்கள்."

தலையில் முக்காடு போட்ட ஓர் உருவம் வந்தது. வாசலில் தண்ணீர் தெளித்தது. புள்ளி வைக்கக் குனிந்தது; தொந்தி இடித்தது. மூச்சு வாங்கி நிமிர்ந்தது. மறுபடியும் குனிந்து ஏழு புள்ளி வைத்தது. அடுத்த வரிசையில் ஒன்பது வைத்து, எண்ணிப் பார்த்து, இரண்டைக் காலால் அழித்தது. முக்காடு நழுவியது. மீசையெல்லாம் கோலமாவு.

"மச்சான்!" என்று அலறினார் ராஜா.

"அத்தான், நீங்களா! நான் சும்மா இந்தப் பக்கம்…"

சீராளன் முன்னால் வந்தான். "மகாராஜா, கொற்றன் வீட்டில் சாவு விழுந்து இன்றோடு பதினொரு நாள். துக்கம் காக்கிறவர்கள் கோலம் போடுவார்களா? அப்படியானால் போட்டது வேறு யாரோ என்று நேற்றே தெரிந்துவிட்டது. அந்த யாரோ இவ்வளவு பெரிய இடம் என்றுதான் தெரியவில்லை."

"சாவா?" அடலேறு விழித்தார். "எனக்கு யாரும் சொல்லலையே!"

"கொற்றன் ஆடுவான்!" என்றார் ராஜா. "பாவம், அந்தப் பிள்ளையைப் போய்ப் பொய்யன் என்றாயே!"

அடலேறு மீசையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆடட்டும் அத்தான். களத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"களத்திலா?" என்றான் சீராளன். "ஓராண்டுக்கு நீங்கள் அங்கே கால் வைக்க முடியாதே ஆசானே."

"நான் எங்கேடா வீடு மாறினேன்?"

"தினமும் எந்த வாசலில் ஒருவர் கோலம் போடுகிறாரோ அதுதான் அவர் வீடு. நீங்கள் சொன்னது, ஓலையில் இருக்கிறது. ஆக, இந்த வீட்டுக்கு மாறிவிட்டீர்கள். எதற்காக? ஆட்டத்துக்காக. சட்டமும் நீங்கள் எழுதியதுதான்."

ராஜா சிரித்த சிரிப்பில் வைக்கோல் போர் சரிந்தது. தன் பணியாரத்தில் பாதியைச் சீராளனுக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் வாழ்நாளில் யாருக்கும் கொடுக்காத பரிசு அது.

"அத்தான், ஒரு வருஷம் முழுக்க நான் என்ன செய்வது?" என்று அழாத குறையாகக் கேட்டார் அடலேறு.

ராஜா குனிந்து கோலத்தை ஒருமுறை பார்த்தார்.

"இதையே போட்டுப் பழகு மச்சான். ஒரு புள்ளிகூட நேராக இல்லை."