காலியாக இருந்த வலது பக்கம்

"எடுக்காத படத்த எங்க போயித் தேட, டீச்சர்?"

குற்றாலிங்கம் கேட்டார்.

ஜெய்துன் பதில் சொல்லவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். நேராகப் பதில் சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடும்.

தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் அவளுக்கு எடிட்டிங் வேலை. கல்யாணமோ வளைகாப்போ, வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் போட்டோக்களைக் கோத்து, பாட்டுச் சேர்த்து, மண்டபத்துத் திரையில் ஓட்டுவதற்கு வீடியோவாக்கிக் கொடுப்பாள். தானே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்லியும் கொடுப்பாள்.

குற்றாலிங்கம் பாத்திரக்கடைக்காரர். அறுபதைத் தாண்டியவர். அவளுக்கு அதில் பாதி வயதுதான் இருக்கும். ஆனாலும் அவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். பாடம் சொல்லித்தருகிறவர் டீச்சர். அதில் வயதுக்கு என்ன வேலை?

அவருடைய மகள் சுகிர்தாவுக்குக் கல்யாணம். வீடியோவைத் தன் கையால் செய்ய வேண்டும் என்று வந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை படம் எல்லாம் வந்துட்டுல்லா? மொதல்ல அதைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள் ஜெய்துன்.

போட்டார்.

இப்போது ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் இதுதான் வழக்கம். திரையை இரண்டாகப் பிரிப்பார்கள். இடது பக்கம் மாப்பிள்ளை, வலது பக்கம் பெண். இரண்டு குழந்தைகளும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே வளரும். கடைசியில் நடுக்கோடு மறைந்து நிச்சயதார்த்தப் படம் வரும். பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

இடது பக்கத்தில் மாப்பிள்ளை குப்புறப் படுத்திருந்தார். அரைஞாண் கயிறும் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும்தான் உடுப்பு. தலையை மட்டும் ஆமை மாதிரி தூக்கிப் பார்த்தார்.

வலது பக்கம் காலியாக இருந்தது.

சுகிர்தா குற்றாலிங்கம் வீட்டுக்கு வந்தது ஏழு வயதில். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அதற்கு முன்னால் அவளை யாராவது படம் எடுத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது.

"மாப்பிள்ளை வீட்ல சொல்லலியா?" என்றாள் ஜெய்துன்.

"சொல்லாம? எல்லாம் சொல்லித்தான் பேசினோம். அவங்க தங்கமான மனுசங்க. மண்டபத்துக்கு வார கூட்டத்துக்கு என்ன சொல்ல? உலை வாய மூட நம்ம கடைல மூடி இருக்கு. ஊர் வாய மூட என்ன இருக்கு?"

ஊர் வாய் ஒரு பக்கம் இருக்கட்டும். அவர் நெஞ்சில் கிடந்தது வேறு.

சுகிர்தா ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஆளுக்கொரு குழந்தைப் படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். சுவரில் ஒட்டி, யார் எது என்று கண்டுபிடிக்கிற விளையாட்டு. சுகிர்தா எழுந்து, "எங்க வீட்டுப் படமெல்லாம் வெள்ளத்துல போயிட்டு மிஸ்" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அந்த மிஸ் கடைக்குக் குத்துவிளக்கு வாங்க வந்தவர், "உங்க வீட்ல வெள்ளம் புகுந்துட்டாமே" என்று இவரிடம் துக்கம் விசாரித்தார்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு விளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார் குற்றாலிங்கம். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை அப்படிச் சொல்ல விடக் கூடாது. அது மட்டும்தான் அவருக்கு வேண்டும்.

மறுநாள் ஒரு குழந்தைப் படத்தோடு வந்தார். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது.

ஜெய்துன் அதை வலது பக்கம் போட்டாள்.

"இது யாரு அண்ணாச்சி?"

"என் தங்கச்சி மக. சுகிர்தா வயசுதான். பச்சப் பிள்ளையில எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"அவங்க கல்யாணத்துக்கு வாராங்களா?"

"வராம? மாமன் வீட்டுக் கல்யாணம்லா! மொத வரிசைலதான் இருப்பா."

ஜெய்துன் அவர் முகத்தையே பார்த்தாள்.

குற்றாலிங்கம் படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாள் முகம் தெளிவாக வந்தார்.

"இப்ப கம்ப்யூட்டரே செய்யுமாமே டீச்சர்? பெரிய ஆள் படத்தக் குடுத்தா பச்சப் பிள்ளையா ஆக்கிக் குடுத்துருமாம். எதுத்த கடைல சொன்னாவ."

"செய்யும்."

"நீங்க செய்வியளா?"

"செய்வேன்."

செய்தாள். கொஞ்ச நேரத்தில் வலது பக்கத்தில் ஒரு குழந்தை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிச் சிரித்தது. சுகிர்தாவின் கண். சுகிர்தாவின் மோவாய். கன்னத்தில் பொட்டுக்கூட இருந்தது.

குற்றாலிங்கம் அசந்துபோனார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எம் மகளேதான்."

"சந்தோசம் அண்ணாச்சி. அப்ப சுகிர்தா போனுக்கு அனுப்பிருதேன். பாத்துட்டு என்ன சொல்லுதான்னு கேப்போம்."

குற்றாலிங்கம் பாய்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"ஏன்?"

அந்தப் படத்தைப் பார்த்தால் சுகிர்தா கோபப்பட மாட்டாள். அவள் சுபாவம் அவருக்குத் தெரியும். அப்பா மனசு நோகக் கூடாதென்று, மண்டபத்தில் யார் கேட்டாலும் "ஆமா, நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். வெள்ளத்துக்குப் பதிலாக இது. இந்தத் தடவை பொய்யை எழுதிக் கையில் கொடுப்பது அவராகவே இருக்கும்.

"அழிச்சிருங்க டீச்சர்."

அழித்தாள்.

"என்னதான் செய்யச் சொல்லுதிய? ஒரு வழி சொல்லுங்க. மூணு நாளா நானும் கேக்கேன், நீங்களும் ஊமைச்சாமி மாதிரி இருக்கிய!"

ஜெய்துன் கையை நீட்டி மானிட்டரை அணைத்தாள்.

"இதுல என்ன தெரியுது?"

"என்ன தெரியும்? ஒண்ணும் தெரியல. அணைச்சிட்டியள்லா?"

"நல்லாப் பாருங்க."

குனிந்து பார்த்தார். கறுத்த கண்ணாடியில் ஒரு வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியும் மங்கலாகத் தெரிந்தன.

"நாந்தான் தெரியுதேன்."

"பின்ன என்ன?" என்று சொல்லிவிட்டு, ஜெய்துன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டாள்.

குற்றாலிங்கத்துக்கு வந்த கோபத்தில் படியைத் தப்பாக மிதித்து, விழப் பார்த்தார்.

வீட்டில் அவர் மனைவி உலகம்மாள் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வழி கேட்டா என் மூஞ்சிய எனக்கே காட்டுதா" என்று பொரிந்தார். "ஒண்ணுமில்லாத திரையில நான் தெரியுதேனாம். 'பின்ன என்ன'ங்கா! இதுக்கு ஒரு டீச்சரு!"

உலகம்மாளின் கை தேங்காயோடு நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னார். இந்தத் தடவை கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டில், பட்டுச்சேலைக்குக் கீழே கையை விட்டு ஒரு ஆல்பத்தை உருவிக்கொண்டு வந்தாள்.

"எறிஞ்சிட்டேன்னுல்லா சொன்ன?"

"சொன்னேன்" என்றாள் உலகம்மாள்.

அது அவர்கள் பிள்ளை வரம் கேட்டு அலைந்த வருஷங்களின் ஆல்பம். ஒரு படத்தில் கோயில் மரத்தடியில் நின்றார்கள். கிளை முழுக்கப் பிள்ளையில்லாதவர்கள் கட்டிவிட்டுப் போன குட்டித் தொட்டில்கள். உலகம்மாள் கட்டிய மஞ்சள் துணித் தொட்டிலும் அதில் ஒன்று. இன்னொன்றில் ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட நின்றார்கள். திருச்செந்தூரில் ஒன்று. அடுத்த வருஷமும் திருச்செந்தூரில் ஒன்று. எதிலும் சிரிப்பு இல்லை. எதிலும் அவர்கள் ஒட்டி நிற்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்ன ஆள் நிற்கிற அளவு இடம் விட்டிருந்தது.

குற்றாலிங்கம் தொட்டில் படத்தை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில், "கல்யாண வீட்ல இதைப் போட்டா அபசகுனம்னு சொல்ல மாட்டாவளா?" என்றார்.

"யாரு சொல்லுவா?"

"ஊருல."

"இத்தன வருசம் ஊரா வந்து தொட்டில் கட்டிச்சு?"



சாயங்காலம் சுகிர்தா வேலை முடிந்து வந்ததும் கேட்டார். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ வாரதுக்கு முந்தி உன் படம் நம்மட்ட இல்ல பாத்தியா. அந்த எடத்துல எங்க படத்தப் போடட்டுமாட்டி? நீ இல்லாம நாங்க ரெண்டு பேரும் இருந்த படத்த?"

சுகிர்தா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி முடித்தும் குனிந்தபடியே நின்றாள்.

"போடுங்கப்பா."

"பாக்கியா? இந்தா, ஆல்பம் இங்கதான் இருக்கு."

"வேண்டாம். மண்டபத்துலயே பாத்துக்கிடுதேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று குற்றாலிங்கத்துக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் ஆல்பத்தை ஜெய்துன் முன்னால் வைத்தார். அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். தொட்டில் மரத்துக்கு வந்ததும் நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரியா வருமா டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? ஸ்கேனரைப் போடுங்க அண்ணாச்சி" என்றாள்.

வரவேற்பு அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும். குற்றாலிங்கமும் உலகம்மாளும் முதல் வரிசையில். விளக்குகளை அணைத்தார்கள்.

இடது பக்கம் மாப்பிள்ளை குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கினார். கூட்டம் சிரித்தது.

வலது பக்கம் தொட்டில் மரத்தடியில் இரண்டு பேர் நின்றார்கள்.

"பொண்ணு படத்த எங்கய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"படம் மாறிட்டு போலுக்கு" என்றது இன்னொன்று.

மாப்பிள்ளை மூன்றுசக்கர சைக்கிள் ஓட்டினார். வலது பக்கம் இரண்டு பேர் சொட்டச் சொட்ட நின்றார்கள். மாப்பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். வலது பக்கம் திருச்செந்தூர். மாப்பிள்ளை புதுப் பையோடு பள்ளிக்கூடம் போனார். வலது பக்கம் மறுபடியும் திருச்செந்தூர்.

கூட்டத்தில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

குற்றாலிங்கம் திரையைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். தப்புச் செய்துவிட்டோமோ, பிள்ளையைக் கூட்டத்தில் நிறுத்தி அழவைக்கிறோமோ என்று இருந்தது.

பிறகு வலது பக்கத்தில் மூன்று பேர் வந்தார்கள்.

நடுவில் இரட்டைச் சடை போட்ட ஏழு வயதுப் பெண். முன்பல் இரண்டு இல்லை. ஒரு கை குற்றாலிங்கத்திடம், ஒரு கை உலகம்மாளிடம். இரண்டு பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.



மேடையில் ஏதோ அசைந்தது. சுகிர்தா மாலையோடு எழுந்து, கச்சேரிக்காரர்களின் மைக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். மை கலைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. ஆனால் குரலில் அழுகை இல்லை. கடைக்குப் போய்த் தாமதமாக வரும் அப்பாவைக் கேட்பாளே, அதே குரல்.

"ஏம்ப்பா, என்னயக் கூட்டிட்டு வாரதுக்கு இவ்வளவு லேட்டா?"

குற்றாலிங்கம் தலையை நிமிர்த்தினார். பல நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனது.

பக்கத்தில் உலகம்மாள் எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை. அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற அதே தொண்டையில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"வழி தெரியாம அலைஞ்சிட்டோம்ட்டீ!"